முத்திரை குத்திய பிறகு யார் பார்ப்பது?

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளை இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆனால், அமெரிக்க அரசின் ‘ஃபிப்ஸ் 140-2’ சான்றிதழ் 2012-ல் கிடைத்த அதன் பகுதியை, சான்றிதழ் செல்லுபடியாகும் விதத்தில் நிறுவ விரும்பிய அலுவலகங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஏற்கெனவே சான்று பெற்ற வேறொரு மென்பொருளைக் கொண்டு அதைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், நிரல் குறுந்தகட்டில் பதிந்து தபாலில் வந்துசேர வேண்டும். தகட்டில் இருப்பதும் இணையத்தில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான் என்று அதை உருவாக்கியவர்களே பயனர் கையேட்டில் எழுதியிருந்தார்கள். தகடு வந்த பிறகு கையேட்டில் சொல்லியிருக்கும் கட்டளைகளைச் சொன்ன வரிசையில், சொன்னபடியே கொடுத்துத்தான் நிரலைக் கட்டமைக்க வேண்டும். இடையில் ஒரு வரியைத் திருத்தினாலும், அது பிழையைச் சரிசெய்யும் திருத்தமாகவே இருந்தாலும், சான்றிதழ் அந்த நிமிடமே செல்லாததாகிவிடும்.

இதை அதிகாரிகளின் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. ராணுவ நெட்வொர்க்கில் ஓடப்போகும் நிரலில் வழியில் யாரும் கை வைக்கவில்லையே என்ற கவலை நியாயமானது. அந்தக் கவலையிலிருந்துதான் விதி பிறந்தது. ஆனால், ‘வந்துசேர்ந்தது அதேதானா?’ என்ற ஒரு கேள்விக்குத்தான் அந்த விதி பதில் தேடியது. வந்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள், நாளைக்கு ஓட்டை ஒன்று தெரியவந்தால் யார் அடைப்பார்கள், எத்தனை நாளில் அடைப்பார்கள் என்று அது கேட்கவே இல்லை. பாதுகாக்கப்பட்ட நெட்வொர்க்குகளில் திறமூல மென்பொருளை அனுமதிக்கலாமா என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் விவாதம் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே தேங்கிக் கிடக்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் கொடுக்கும் எந்த அனுமதியும் பாதுகாப்பைத் தராது. இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அனுபவத்திலிருந்தே தொடங்கலாம்; இந்த விவாதம் அங்கே நடந்த அளவுக்கு ஆவணங்களோடு வேறெங்கும் நடந்ததாகச் சொல்ல முடியாது. ரகசியமில்லாத வேலைகளுக்கு நிப்பர்நெட், ரகசியத் தகவல்களுக்கு சிப்பர்நெட், உச்ச ரகசியங்களுக்கு ஜேவிக்ஸ் என்று அந்தத் துறையிடம் அடுக்கடுக்கான நெட்வொர்க்குகள் உண்டு. இவற்றில் ஒரு கணினி அமைப்பு இயங்க வேண்டுமென்றால் ‘இயக்க அனுமதி’ வேண்டும். அதாவது, குறிப்பிட்ட அதிகாரி ஒருவர் அதன் அபாயங்களைப் படித்துப் பார்த்து, அவற்றைத் தன் பொறுப்பில் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். வழக்கமாக அந்தக் கையெழுத்துக்கு மூன்று ஆண்டு ஆயுள். 2003-ல் வந்த 8500.2 என்ற துறை அறிவுறுத்தல், உத்தரவாதம் இல்லாத இலவச மென்பொருட்களைத் தவிர்க்கச் சொன்னது. அதற்கு அது சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும்: மூல நிரல் அரசின் கையில் இல்லை, பழுது பார்த்துத் தர உரிமையாளரும் இல்லை என்பதால் அவற்றைச் சோதிப்பதும் திருத்துவதும் கடினம் என்றது. திறமூல மென்பொருளுக்கு இந்தக் காரணம் பொருந்தவே பொருந்தாது. மூல நிரல் கையில் இருப்பதுதான் அதன் அடையாளமே. இருந்தும், ‘இலவசம்’ என்ற சொல்லைக் கண்டதும் பல இடங்களில் இந்த விதியைக் காட்டித் திறமூலத்தையும் சேர்த்தே வாசலில் நிறுத்தினார்கள். துறையின் தலைமைத் தகவல் அதிகாரி அலுவலகம் 2009 அக்டோபரில் தனியாக ஒரு விளக்கக் குறிப்பு அனுப்பி, அந்த விதி திறமூலத்தைத் தடுக்கவில்லை, திறமூலமும் மற்ற வணிக மென்பொருளைப் போலவே நடத்தப்பட வேண்டியது என்று சொல்லவேண்டி வந்தது.

இத்தனைக்கும், உள்ளே விடலாமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த பொருள் எப்போதோ உள்ளே வந்துவிட்டிருந்தது. மைட்டர் நிறுவனம் அந்தத் துறைக்காக எடுத்து 2003 ஜனவரியில் வெளியிட்ட கணக்கெடுப்பில், 115 திறமூல மென்பொருட்கள் 251 விதங்களில் பயன்பட்டுவருவது தெரிந்தது. இவற்றைத் தடை செய்தால் முதல் அடி பாதுகாப்புப் பணிகளுக்கே விழும் என்றது அந்த அறிக்கை. ஊடுருவலைக் கண்டுபிடிப்பதற்கும் நெட்வொர்க்கைக் கண்காணிப்பதற்கும் அவர்கள் நம்பியிருந்த கருவிகளில் பல திறமூலமே. அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையே 2000 டிசம்பரில் எஸ்இலினக்ஸ் என்ற தன் பாதுகாப்பு அடுக்கை மூல நிரலோடு வெளியிட்டது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களுக்குள் அதுவும் சேர்ந்துதான் ஒரு செயலி இன்னொன்றின் எல்லைக்குள் நுழையாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. நிரலை எதிரி படித்துவிடுவானே என்ற முதல் ஆட்சேபணைக்கு இதைவிட நேரடியான பதில் தேவையில்லை. மறைத்து வைத்தால்தான் பாதுகாப்பு என்றால், மறைத்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட அமைப்பு இதைச் செய்திருக்காது.

ஆக, 2009-லேயே தாளில் கதவு திறந்துவிட்டது. சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருந்தது. அங்கேதான் ஓப்பன்எஸ்எஸ்எல் கதை நமக்குப் பாடமாகிறது.

அமெரிக்க அரசு அலுவலகங்கள் ரகசியமல்லாத, ஆனால் பாதுகாக்க வேண்டிய தகவலைக் குறியாக்கம் செய்தால் ஃபிப்ஸ் 140 சான்று பெற்ற நிரலால்தான் செய்ய வேண்டும். ராணுவ மருத்துவப் பொருட்களின் கொள்முதலையும் இருப்பையும் நிர்வகிக்கும் ஒரு திட்டத்துக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் தேவைப்பட்டது; அதற்குச் சான்று வாங்கும் முயற்சி அங்கிருந்துதான் கிளம்பியது. நிறுவனங்கள் பூட்டிய பெட்டியாகத் தரும் பொருளையே பார்த்துப் பழகிய சோதனை முறைக்கு, மூல நிரலையே சான்றுக்குக் கொண்டுவந்தவர்களை எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. 2006 ஜனவரியில் சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டு நடுவில் அது நிறுத்திவைக்கப்பட்டது. திருத்திய பதிப்புக்கு 2007 பிப்ரவரியில் மறுபடி கிடைத்தது. இத்தனை பாடுபட்டு வாங்கிய முத்திரை எதைக் காத்தது?

இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். 2012-ல் சான்று பெற்ற பதிப்பில், ‘டூயல் இசி’ என்ற சமவாய்ப்பு எண் உருவாக்கும் முறையும் விருப்பத் தேர்வாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அது விதிப்படியான சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியிருந்தது. 2013 டிசம்பரில்தான் தெரிந்தது, நிரலில் இருந்த ஒரு பிழையால் அது வேலையே செய்யாது என்று. முயன்றவருக்கு ஒரு எண்கூடக் கிடைத்திருக்காது. ஆய்வகங்கள் பார்த்தன, சான்றிதழும் வந்தது. ஆனால், நடைமுறையில் அதை ஒருவரும் இயக்கிப் பார்க்கவில்லை. பிழை தெரிந்த பிறகும் உருவாக்கியவர்கள் அதைத் திருத்தவில்லை. சான்று பெற்ற நிரலைத் தொட்டால் செலவும் காலமும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த முறையிலேயே தேசியப் பாதுகாப்பு முகமை பின்வாசல் வைத்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்போது வலுத்திருந்ததால், அது வேலை செய்யாமல் போனதே நல்லதாயிற்று என்பது வேறு விஷயம். சான்று என்ற ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் பாருங்கள்: பழுது என்று தெரிந்த பொருள் அனுமதியோடு இருக்கும்; பழுது நீக்கிய பொருள் அனுமதியை இழக்கும்.

அடுத்தது, 2014 ஏப்ரல் 7 அன்று உலகத்துக்குத் தெரியவந்த ஹார்ட்ப்ளீட். அதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில், 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்போடு புகுந்த பிழை. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று கணினிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் ஒரு சின்ன வசதியில், அனுப்பிய செய்தியின் நீளம் எவ்வளவு என்று கேட்பவர் சொல்வதைச் சரிபார்க்காமல் நிரல் நம்பிவிட்டது. ஒரு எழுத்தை அனுப்பி ‘இது 64,000 எழுத்து’ என்று சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் இருந்த கடவுச்சொல், சாவி எல்லாவற்றையும் சேர்த்து அள்ளித் திருப்பி அனுப்பியது. கனடாவின் வருமான வரித்துறையிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டன. சான்று பெற்ற குறியாக்கப் பகுதிக்கு இதில் எந்தச் சேதமும் இல்லை; ஓட்டை இருந்தது அந்தப் பகுதியின் எல்லைக்கு வெளியே. சான்றிதழ் உண்மையே சொன்னது. அதை நம்பி நிம்மதியாக இருந்த அலுவலகத்தைத்தான் அது காக்கவில்லை.

அந்த நாட்களில் ஓப்பன்எஸ்எஸ்எல் அறக்கட்டளையின் ஸ்டீவ் மார்க்வெஸ் வெளியிட்ட கணக்கு இன்றும் மனதை உறுத்துகிறது. உலகத்தின் வங்கிகளும் அரசுகளும் ராணுவங்களும் சார்ந்திருந்த அந்த மென்பொருளுக்கு ஆண்டு முழுவதும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். அதையே முழுநேர வேலையாகச் செய்தவர் ஒருவர் மட்டும். சான்றிதழுக்குச் செலவழிக்க அரசுகளிடம் பணம் இருந்தது. நிரலை இன்னொரு முறை படித்துப் பார்க்க ஆள் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஹார்ட்ப்ளீட்டுக்குப் பிறகுதான் கூகுள், மைக்ரோசாஃப்ட், இன்டெல், ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாக ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தருவதாக முன்வந்தன.

‘திறமூலத்தில் பிரச்சினை வந்தால் யார் சட்டையைப் பிடிப்பது?’ என்ற கேள்வியை அனுமதி வழங்கும் இடங்களில் அடிக்கடி கேட்கலாம். ஒப்பந்தம் போட்ட நிறுவனம் ஒன்று இருந்தால் பொறுப்பும் இருக்கும் என்பது அதன் உட்பொருள். இதில் பாதி உண்மை உண்டு. சூஸே லினக்ஸ் 2003-ல் சர்வதேசப் பாதுகாப்புச் சான்று பெற்றதற்குக் காரணம், ஐபிஎம் அதற்குப் பணமும் ஆளும் கொடுத்தது. பின்னால் ஒரு நிறுவனம் நிற்பது நல்லதுதான். ஆனால், நிறுவனம் நிற்பதாலேயே மென்பொருள் பாதுகாப்பாகிவிடாது. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் தாக்குதலில் கெட்டுப்போனது, முறைப்படி விலை கொடுத்து வாங்கி, அனுமதி பெற்று, அமெரிக்க அரசுத் துறைகளிலேயே ஓடிக்கொண்டிருந்த வணிக மென்பொருள். சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் சொந்தக் கையெழுத்தோடு வந்த அப்டேட்டுக்குள்ளேயே ஊடுருவல் நிரல் இருந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. சட்டையைப் பிடிக்க ஆள் இருந்தார். அதற்குள் வீட்டில் இருந்தவை போய்விட்டன.

மறுபக்கத்திலிருந்து வரும் ஆட்சேபணை இதைவிட வலுவானது, அதை மழுப்பக் கூடாது. ‘அப்டேட், அப்டேட் என்று ஓடுவதே ஆபத்துதான்’ என்கிறது அது. எக்ஸ்இசட் விவகாரம் இதற்குச் சரியான சாட்சி. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எளிய கருவி எக்ஸ்இசட். தனியொருவர் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்த அந்தத் திட்டத்துக்கு ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் உதவிக்கு வந்தார். பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். பொறுப்பு கைக்கு வந்ததும் 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தார். அதைத் திறக்கும் முக்கியத் துணுக்கு பொதுவில் எல்லோரும் பார்க்கும் நிரல் கிடங்கில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வரில் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவியதால் மார்ச் 29 அன்று அது அம்பலமானது. அப்போது தப்பித்தவர்கள் யார்? பழைய பதிப்பிலேயே நின்றவர்கள். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் நிலையான வெளியீட்டிலும் ரெட் ஹேட்டின் நிறுவனப் பதிப்பிலும் அந்த எக்ஸ்இசட் நுழையவே இல்லை. ஹார்ட்ப்ளீட்டின்போதும் 1.0.1-க்கு முந்தைய பதிப்பில் இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அப்படியானால், உறையவைத்து முத்திரை குத்துவதே சரி என்று ஆகாதா?

ஆகாது. டெபியனின் நிலையான பதிப்பு உறைந்த பதிப்பு என்று நினைப்பதில்தான் தவறு இருக்கிறது. அதில் புதிய வசதிகள் வருவதில்லை, அவ்வளவுதான். பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்புக்கு ஏற்றவாறு மாற்றி, சோதித்துப் பார்த்து, நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு குழு அதன் பின்னால் இருக்கிறது. வெளியில் அசையாமல் இருப்பது போலத் தெரியும் அந்தப் பதிப்பு, உள்ளே ஓயாத கைகளால் காக்கப்படுகிறது. நிரலின் வயது முக்கியமில்லை, அதன் மேல் இன்றைக்கு யாருடைய கண் இருக்கிறது என்பதே முக்கியம். கண் இல்லாத பழமை என்ன செய்யும் என்பதற்கு ஈக்விஃபாக்ஸ் சான்று. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறமூலக் கட்டமைப்பின் ஓட்டைக்கு 2017 மார்ச் 7 அன்றே திருத்தம் வந்துவிட்டது. அந்தக் கடன் தகவல் நிறுவனம் அதைப் போடவில்லை. மே மாதத்தில் புகுந்தவர்கள் 14 கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்களின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். மென்பொருளை எழுதியவர்கள் தங்கள் கடமையைச் செய்திருந்தார்கள். போட வேண்டியவர்கள் போடவில்லை.

‘எங்கள் நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் தொடர்பே கிடையாது, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?’ என்பவர்களும் உண்டு. 2008-ல் மத்தியக் கிழக்கில் இருந்த அமெரிக்க ராணுவ மடிக்கணினி ஒன்றில் செருகிய பென் டிரைவிலிருந்து ஏஜென்ட் பிடிஇசட் என்ற புழு கிளம்பி, ரகசிய நெட்வொர்க்குக்குள்ளும் பரவியது. அதைத் துடைத்தெடுக்க ஓராண்டுக்கு மேலானது. தனித்திருக்கும் நெட்வொர்க் தாக்குதலைத் தாமதப்படுத்தும். திருத்தம் வந்துசேர்வதையும் தாமதப்படுத்தும். அதனால் அங்கே திருத்தத்தை உள்ளே கொண்டுசேர்க்க ஒரு நிரந்தரப் பாதை இன்னும் கூடுதலாகத் தேவை: வெளியே இறக்கி, கையெழுத்தைச் சரிபார்த்து, மாதிரிக் கணினியில் ஓட்டிப் பார்த்து, குறித்த நாளில் உள்ளே எடுத்துச் செல்லும் பாதை. அதற்கென்று பெயர் குறித்த ஆட்கள் வேண்டும்.

அமெரிக்காவும் இந்தப் பக்கம் நகரத் தொடங்கியிருக்கிறது. ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்த உதிரிப் பாகங்கள் இருக்கின்றன என்ற உட்பொருள் பட்டியலை அரசுக்கு விற்பவர்களிடம் கேட்கும் ஏற்பாட்டை 2021 மே மாத அதிபர் உத்தரவு தொடங்கிவைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் லாக்4ஜே என்ற திறமூல மென்பொருளின் ஓட்டை வெடித்தபோது அதன் அவசியம் எல்லோருக்கும் உறைத்தது; திருத்தம் சீக்கிரமே வந்துவிட்டது, அந்த மென்பொருள் தங்கள் கணினிகளில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில்தான் நிறுவனங்கள் திணறின. ‘அயர்ன் பேங்க்’ என்ற பெயரில் பாதுகாப்புத் துறை, திறமூல மென்பொருட்களை இறுக்கி, சோதித்து, மீண்டும் மீண்டும் புதுப்பித்து வைக்கும் ஒரு பொதுக் கிடங்கை நடத்துகிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு கையெழுத்து என்பதற்குப் பதிலாக, இடைவிடாத கண்காணிப்பை நிபந்தனையாக்கும் தொடர் இயக்க அனுமதி முறையை 2022 பிப்ரவரியில் அறிவித்தது. இவை எல்லாமே பொருளைப் பார்ப்பதிலிருந்து, பொருளைப் பார்த்துக்கொள்பவரைப் பார்ப்பதற்கு நகரும் முயற்சிகள்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. மத்திய அரசு 2015-லேயே திறமூலத்துக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. திறமூலத்தை விலக்கினால் காரணம் எழுத வேண்டும் என்று சொல்லும் கொள்கை அது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ இயங்குதளம் சென்னை சி-டாக் மையத்தில் உருவாகி 2007-ல் வெளிவந்தது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’ இயங்குதளம் பாதுகாப்பு அமைச்சகக் கணினிகளில் விண்டோஸின் இடத்துக்கு வருகிறது என்ற செய்தி 2023 ஆகஸ்டில் வந்தது. 2024 அக்டோபரில் செர்ட்-இன் அமைப்பு உட்பொருள் பட்டியலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பெருமைப்படத்தக்க அடிகள் இவை. இவை ஒவ்வொன்றுக்கும் அடியில் டெபியனும் உபுண்டுவும் ஓப்பன்எஸ்எஸ்எல்லும் எக்ஸ்இசட்டும் இருக்கின்றன. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கே வழக்கமான ஆதரவு ஐந்து ஆண்டுகள்தான். அதற்குப் பிறகும் நம் அலுவலகங்களில் அந்தக் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அரசு அலுவலகம் ஒன்றுக்குள் போய்வந்த எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே, டெண்டர் எழுதுகிறவர்களுக்கும் அனுமதிக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாதுகாப்புத் தணிக்கைச் சான்றிதழைக் கேட்கும் பத்திக்குக் கீழே இன்னும் மூன்று பத்திகள் சேருங்கள். இதில் உள்ள ஒவ்வொரு திறமூலப் பாகத்தின் பெயரும் பதிப்பும் எங்கே? கடுமையான ஓட்டை வெளியானால் எத்தனை நாளில், யார் திருத்தம் போடுவார்? அந்தப் பாகங்களை எழுதிக் காப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தின் பணத்திலிருந்து எவ்வளவு போகிறது? மூன்றுக்கும் பெயரும் நாளும் தொகையும் எழுதப்படாத கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.